சட்டமன்றத்தில் ஒரு மணிமேகலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டமன்றப் பணியையும் சமுதாயப் பணியையும் ஒருங்கே ஆற்றிய ஒருவரைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இலக்கிய மேடையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எவரேனும் ஐயுறலாம். தமிழிலக்கியத்தைப் பயின்றோர்க்கு அவ்வையம் எழ வேண்டுவதில்லை. அரசவையில் நின்று வழக்குரைத்த கண்ணகியை நாம் அறிவோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று பேசிய ஔவையை அறிவோம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு சோழ மன்னனிடம் கேட்டுப் பெற்ற மணிமேகலையை அறிவோம். அவையேறிப் பேசிய பெண்களைக் காப்பியத்திலும் புறப்பாட்டிலும் போற்றிய மொழி நம் மொழி. ஆயினும், வாழ்க்கையில் அவ்வாறு ஒரு பெண் அவையேறுவதற்கு 1927ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பணியே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராசா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படும் மரபினைச் சார்ந்த குடும்பத்தில் தோன்றியவர். இவ்வொரு செய்தியே அம்மையாரின் வாழ்வு முழுமைக்கும் அடித்தளமாக அமைந்தது எனலாம். ஒரு புறம் கல்வியின் உச்சியில் நின்ற தந்தை. மறுபுறம் ஊரார் கலையைச் சுவைத்துவிட்டு, அக்கலைக்கு உரியவளைத் திருமண வாயிலில் நிறுத்தி வைத்த மரபில் வந்த தாய். இவ்விரண்டையும் ஒரே வீட்டில் கண்டு வளர்ந்த பெண், தன் காலத்துச் சமுதாயத்தை எத்தகைய கண்கொண்டு நோக்கியிருப்பார் என்பதை நாம் உய்த்துணரலாம்.

புதுக்கோட்டைக் கல்லூரியில் அக்காலத்தில் ஆடவர் மட்டுமே பயின்றனர். பெண் ஒருத்தி வந்தால் மாணவர் கெடுவர் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு அளித்தமையால் அம்மையார் கல்லூரிக்குள் நுழைந்தார். திரையிட்ட வண்டியில் வந்து, வகுப்பிலும் திரைக்குப் பின்னே அமர்ந்து பாடங்கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பல பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைச் சாதி கடந்து மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அம்மையார் அத்திருமணத்துக்கு இசைந்தார் என்பது அவருடைய வரலாற்றில் நாம் காணும் செய்தி. அவ்வுறுதியைச் சுந்தர ரெட்டி காத்தார் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும்.

அவைக்குள் வந்த வழி

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. இந்திய மாகாணங்களுள் இவ்வுரிமையை முதலில் வழங்கியது சென்னையே. ஆனால் அது சொத்தும் தகுதியும் உடைய மிகச் சிலர்க்கே உரிய வாக்கு. வாக்களிக்கலாமே அன்றி, அவைக்கு உறுப்பினராகும் உரிமை அப்போது இல்லை. அத்தடை 1926இல் நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாயா போட்டியிட்டுச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். தேர்தல் வழியே பெண் எவரும் வெல்லாத நிலையில், பெண்ணொருவரை நியமிக்குமாறு இந்திய மாதர் சங்கம் அரசினை வேண்டியது. அதன் பயனாக அமைந்ததே அம்மையாரின் நியமனம். மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகும் என்று அம்மையார் முதலில் தயங்கினார். எனினும் பெண்களின் குறையை எடுத்துரைக்க அவையில் ஒரு நாவாவது வேண்டும் என்பதனால் ஏற்றுக்கொண்டார்.

இவ்விடத்து ஒரு தெளிவு தேவை. அம்மையாரை இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று பொதுவாகக் கூறுவர். திருவிதாங்கூர்ச் சமத்தானத்துச் சட்டசபையில் டாக்டர் மேரி பூனன் லூக்கோசு அதற்கு முன்னரே நியமனம் பெற்றிருந்தார். ஆகவே, பிரித்தானிய ஆட்சிக்கு நேரே உட்பட்ட மாகாணங்களில் முதல் பெண் உறுப்பினர் என்பதே பொருந்தும். இதனால் அம்மையாரின் பெருமை சிறிதும் குறைவதில்லை. 1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவையினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். நியமனத்தால் வந்தவர், தேர்வினால் உயர்ந்தார். வகுப்பில் திரைக்குப் பின்னே அமர்த்தப்பட்ட மாணவி, இருபதாண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், ஆடவர் நிறைந்த அவையை நெறிப்படுத்தும் இருக்கைக்கு வந்தார்.

மூன்றாண்டுப் பணி

அம்மையார் அவையில் இருந்த காலம் மூன்றாண்டுகளும் சில திங்களுமே ஆகும். அக்குறுகிய காலத்தில் அவர் எழுப்பிய பொருள்கள் பல. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். பெண் கல்விக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றார். குழந்தை மணத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டு வந்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனத் திருமண வயதின் கீழெல்லையை வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நடுவண் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அதற்கு ஆதரவு திரட்டியோருள் அம்மையாரும் ஒருவர். கல்வி நிலையை ஆராய அமைந்த ஆர்டாக் குழுவில் உறுப்பினராக இருந்த ஒரே பெண்மணியும் அவரே. பெண்களை விலைப்பொருளாக்கும் விடுதிகளை ஒடுக்குவதற்கான சட்டம் 1930இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதிலும் அவருடைய உழைப்பு உண்டு.

இவை அனைத்திலும் தலையாயது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் மேற்கொண்ட முயற்சியாகும். இம்முயற்சியை அவர் எவ்வாறு படிப்படியாக நடத்தினார் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். சட்டம் இயற்றுவோர் கற்க வேண்டிய பாடம் ஒன்று அதனுள் அடங்கியுள்ளது.

நிலம் முன்னே, தடை பின்னே

பொட்டுக்கட்டும் வழக்கம் பத்தியினால் மட்டும் நிலைபெற்றது அன்று. அதற்குக் கீழே நிலம் இருந்தது. கோயிற்பணி செய்யும் குடும்பத்துக்கு மானியமாக நிலமோ, நிலத்தின் வரி வருவாயோ விடப்பட்டிருந்தது. பணி நின்றால் மானியமும் நிற்கும். ஆகவே ஒரு தலைமுறையில் பணி செய்த பெண் முதுமையுற்றால், அடுத்த தலைமுறையில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டியே தீர வேண்டும். அன்னை விரும்பினாலும் மகளை விடுவிக்க இயலாது. விடுவித்தால் குடும்பமே சோறின்றிப் போகும். இந்தப் பிணைப்பினைக் காணாமல் வழக்கத்தை மட்டும் பழித்தவர் அக்காலத்தில் பலர்.

அம்மையார் 1927 நவம்பரில், பெண்களைக் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தை அவையில் முன்மொழிந்தார். அதன்பின் அவர் கொணர்ந்த முதற்சட்டம் தடைச் சட்டம் அன்று, நிலச் சட்டமே. இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தமாக 1929இல் அது நிறைவேறியது. மானிய நிலத்தைக் கோயிற்பணி என்னும் நிபந்தனையினின்று விடுவித்து, அனுபவித்து வந்த பெண்களுக்கே அதனை உரிமையாக்குவது அத்திருத்தத்தின் சாரம். 'நிலம் உனக்கே உரியது. அதன்பொருட்டு உன் மகளைத் தர வேண்டுவதில்லை' என்று அப்பெண்களிடம் அரசு கூறிய முதல் வாசகம் அது எனலாம். வாழ்வுக்கு வழி செய்துவிட்டுப் பின்னரே, பொட்டுக்கட்டுதலை நேரே தடுக்கும் மசோதாவை அவர் கொண்டு வந்தார்.

எதிர்ப்பு சிறிதாக இல்லை. சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்க தலைவர்கள், கோயில் மரபும் கலை மரபும் அழியும் என்று கூறி எதிர்த்தனர். மறுபுறம், பெரியாரின் 'குடி அரசு' இதழ் அம்மையாரின் முயற்சியை ஆதரித்து எழுதியது. அவ்வழக்கத்தின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். பின்னர் 1936இல் அவர் எழுதி வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினம், தமிழ்ப் புதின வரலாற்றில் தனியே வைத்து ஆராயத்தக்கது.

தடை மசோதா நிறைவேறுவதைக் காண அம்மையார் அவையில் இல்லை. 1930 மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்தார். தம் உழைப்பின் கனி கைக்கு எட்டும் நிலையில் இருக்கையை விட்டெழுந்தது சரியா என்று நாம் இன்று வினவலாம். அன்றைய சூழலில் நாட்டுப்பணியும் மகளிர்பணியும் அவர் நெஞ்சில் இருவேறாக இருந்ததில்லை என்றே தோன்றுகிறது. அச்சட்டம் நிறைவேற மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றன. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1947இல், பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர்க்குப் பொட்டு ஏறியதோ, அதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் எவருமிலர்.

அவைக்கு வெளியே

பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் 1930இல் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர் என்பர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சென்னையின் மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. சாதிவாரியாக விடுதிகள் இருந்தன. இப்பெண்களுக்கு உரிய விடுதி எங்கும் இல்லை. அம்மையார் தம் வீட்டையே விடுதியாக்கினார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் தனி இடத்தில் வளர்ந்து, ஆதரவற்ற சிறுமியர்க்குக் கல்வியும் தொழிலும் தரும் நிறுவனமாக நிலைபெற்றது. அதற்கு அவர் ஔவையின் பெயரைச் சூட்டினார் என்பது நம்மனோர் உள்ளத்தைத் தொடுவது. கணவன் பெயராலோ மகன் பெயராலோ அன்றி, தன் சொல்லாலேயே அறியப்பட்ட பெண் ஔவை. தந்தை பெயர் சொல்ல இயலாத சிறுமியர்க்கு இதனினும் பொருத்தமான தாய்ப்பெயர் வேறு எது?

அம்மையாரின் தங்கை ஒருவர் புற்றுநோயால் இளவயதில் மறைந்தார். நோயை உரிய காலத்தில் அறியாமையால் நேர்ந்த அவ்விழப்பு, மருத்துவராகிய தமக்கையின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வற்புறுத்தினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. மகன் டாக்டர் கிருட்டிணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும் வரை அந்நிலையத்துக்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். அம்மையார் 1956இல் பத்மபூசண் விருது பெற்றார். 1968 சூலை 22ஆம் நாள் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்கான மகப்பேற்று உதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. பேறுகால உதவிப் பணம் பெறச் சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தாய்மார் பலர்க்கு, அப்பெயர் படிவத்தின் தலைப்பில் உள்ள ஒரு பெயர்தான். அப்பெயருக்கு உரியவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை நம்மைப் போன்ற ஆசிரியர்க்கு உண்டு.

சித்திராபதியின் குரல்

அன்பர்களே, இவ்வளவில் உரையை முடித்திருந்தால் அது வெறும் புகழுரையாகிவிடும். அம்மையார் புகழுரையை வேண்டியவர் அல்லர்.

மணிமேகலைக் காப்பியத்தை மீண்டும் நினைவுகூர்க. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறித் தலைக்கோல் பெற்ற மாதவி, தன் மகள் அவ்வழியில் செல்லலாகாது என்று முடிவு செய்கிறாள். மணிமேகலை ஆடரங்கை விட்டு அமுதசுரபியை ஏந்துகிறாள். பசியும் பிணியும் உற்றோரைப் புரக்கிறாள். சந்திரம்மாளின் மகள் மருத்துவராகி, இல்லமும் மருத்துவமனையும் கண்ட வரலாற்றை இக்காப்பியத்தோடு ஒப்பிட எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அக்காப்பியத்தில் சித்திராபதி என்று ஒரு பாட்டியும் இருக்கிறாள். குலத்தொழிலை விடுவதைப் பொறாமல் வாதிடுகிறாள். சாத்தனார் அவளை ஏற்கவில்லை. எனினும் அவளுக்குப் பேச இடங்கொடுத்தார்.

1927, 1928ஆம் ஆண்டுகளில், இம்மரபின் பெண்களுள் ஒரு சாரார் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு அளித்தனர். தாங்கள் பரத்தையர் அல்லர், இறைபணியும் இசையும் கூத்தும் போற்றும் குலத்தார் என்றனர். தடைக்கு மாறாகக் கல்வி வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய ஒன்றை இன்று மறுக்க இயலாது. அன்றைய இந்துக் குடும்பப் பெண்ணுக்கு இல்லாத சில உரிமைகள் அவர்களுக்கு இருந்தன. அவர்கள் சொத்து வைத்திருந்தனர், மகளைத் தத்தெடுத்தனர், தாயின் சொத்து மகளுக்குச் சென்றது. குடும்பப் பெண்ணுக்கு முழுமையான சொத்துரிமை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால்தான் வரத் தொடங்கிற்று. அத்துடன், அப்பெண்கள் காத்து வந்த ஆடற்கலை 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயரோடு புதிய மேடை ஏறியபோது, பழைய குடும்பத்துப் பெண்களுள் மிகச் சிலரே அம்மேடையில் தொடர்ந்தனர். பாலசரசுவதி போன்றோர் தம் மேதைமையால் நிலைத்தனர். ஏனையோர் கலையை மறைத்துக்கொண்டு வாழத் தலைப்பட்டனர். பொது நிகழ்ச்சிகளில் சதிர் ஆட்டம் வைப்பதை 1932இல் அம்மையார் எதிர்த்ததும், கலையைக் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் கிருட்டிண ஐயர் மறுத்தெழுதியதும் நாளிதழ்களில் நடந்த சொற்போர்.

இவற்றை நோக்கி, அம்மையார் செய்தது பிழை என்று இன்று எழுதுவோரும் உளர். என் கருத்து வேறு. தன் விருப்பத்தைச் சொல்லும் வயதுகூட அடையாத சிறுமியின் கழுத்தில் கட்டப்படும் பொட்டினை எந்தக் கலையின் பெயராலும் காக்க இயலாது. மனு அளித்த பெண்கள் தேர்ந்த கலைஞர்கள். தமக்காகப் பேச வல்லவர்கள். மனு எழுத அறியாத சிறுமியர்க்காக அவையில் ஒருவர் பேச வேண்டியிருந்தது. ஆனால் தடைச் சட்டத்தால் பொட்டினை அவிழ்க்க முடிந்ததே தவிர, அப்பெண்களின் மேல் ஊரார் ஏற்றிய இழிவை அவிழ்க்க முடியவில்லை. அது சட்டமன்றத்தின் பணி அன்று, சமுதாயத்தின் பணி. அம்மையார் தம் பங்கை நிலச் சட்டத்தாலும் ஔவை இல்லத்தாலும் செய்து முடித்தார். எஞ்சியதைச் செய்யாமல் விட்டவர்கள் நாம். கலையை ஏற்றுக்கொண்டோம், கலைக்கு உரிய குடும்பத்தின் பெண்ணைச் சம்பந்தம் பேச ஏற்கத் தயங்கினோம்.

நிறைவுரை

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை எவ்வாறு மதிப்பிடுவது? பதவியில் இருந்த ஆண்டுகளைக் கொண்டு அளப்பின், முத்துலட்சுமி அம்மையாருக்கு மூன்றாண்டுகளே உள்ளன. அம்மூன்றாண்டுகளில் அவர் பிறருக்காகக் கேட்டவற்றையே பதவி நீங்கிய முப்பத்தெட்டு ஆண்டுகளும் தம் கையால் செய்தார். அவையில் கேட்டதை வீட்டில் செய்தவர், வீட்டில் கண்டதை அவையில் சொன்னவர் என்று அவரைக் குறிப்பது மிகையாகாது.

இலக்கிய வட்டத்தினர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அக்காலச் சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சிடப்பட்டுள்ளன. தம் அவை அனுபவத்தை அம்மையாரே ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1930இல் வெளியிட்டுள்ளார். இராமாமிர்தம் அம்மையாரின் புதினம் உள்ளது. இவற்றை ஒருசேர வைத்துத் தமிழில் ஆராய்வோர் மிகுதியாக வேண்டும். அத்துடன், காவிரிக் கரையிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் அம்மரபின் வழிவந்த மூதாட்டியர் இருப்பாராயின், அவர்களுடைய பாடல்களையும் நினைவுகளையும், அவர்கள் விரும்பினால், மதிப்போடு கேட்டுப் பதிவு செய்யுங்கள். சாத்தனார் சித்திராபதிக்கு அளித்த இடத்தையேனும் நாம் அவர்களுக்கு அளிப்போம். அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக இதனை இவ்வட்டம் ஏற்குமாயின், நான் இன்று பேசியதற்குப் பயன் கிட்டியதாகக் கருதுவேன்.